கம்ப்யூட்டருக்கு இப்போது மணி என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் நாளே டெஸ்க்டாப் படத்தை மாற்றுவார்கள். ஃபோல்டர்களுக்குப் பெயர் வைப்பார்கள். பிரிண்டரை இணைத்துப் பார்ப்பார்கள். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. மணி சரியாகத்தானே காட்டுகிறது என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் மகன் சிங்கப்பூரிலும் மகள் அமெரிக்காவிலும் இருக்கும் வீடுகள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஏராளம். வீடியோ கால் வரும் என்று சொன்ன மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் யாரும் வருவதில்லை. விமான டிக்கெட்டைப் பார்த்தால் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான் என்று தோன்றுகிறது. ஒரே பிறந்த நேரத்தைக் கொடுத்தும் இரண்டு ஜாதகப் புரோகிராம்கள் இரண்டு லக்னம் சொல்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: நேர மண்டலம், அதாவது டைம் ஸோன். அதைப் புரோகிராம்கள் எப்படிக் கையாள்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை

டாஸ்க்பாரில் உள்ள கடிகாரத்தின் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யும் வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இதே வழிதான். டைம் ஸோனைத் தானாக அமைக்கும் பட்டன் ஆன் நிலையில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். கீழே உள்ள பட்டியலில் நம்முடைய வரி இப்படி இருக்கும்: யுடிசி+05:30, சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி.

இப்போது அந்தப் பட்டியலில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே தாவும். இதில் வியப்பில்லை. அடுத்து, நேற்று நீங்கள் சேமித்த ஏதாவது ஒரு ஃபைலின் நேரத்தைப் பாருங்கள். மாறவில்லை என்றால் எஃப்5 கீயை அழுத்துங்கள். நேற்று மாலை 6 மணிக்குச் சேமித்த ஃபைல் இப்போது இரவு 8.30 என்று காட்டும்.

ஃபைலை யாரும் தொடவில்லை. அதற்குள் எழுதப்பட்டிருந்த நேரமும் மாறவில்லை. அதை உங்களுக்குக் காட்டும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. பட்டியலைப் பழையபடி இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். ஃபைலும் மாலை 6 மணிக்குத் திரும்பிவிடும். இந்தச் சோதனை புரிந்துவிட்டால் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி.

உள்ளே இருப்பது ஓர் எண்

கம்ப்யூட்டர் உள்ளுக்குள் நேரத்தை 'மாலை 6 மணி' என்று எழுதி வைப்பதில்லை. ஏதோ ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் தன் ஃபைல்களின் நேரத்தை 1601 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது. யூனிக்ஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்றவை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றன. எந்த ஊர் நள்ளிரவு? யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. முன்பு கிரீன்விச் நேரம் என்று படித்தோமே, அதன் இடத்தில் இன்று அணுக் கடிகாரங்களைக் கொண்டு கணக்கிடப்படும் நேரம் இது.

செல்போனிலோ ஏதாவது ஒரு புரோகிராமிலோ ஒரு போட்டோவின் தேதி '1970 ஜனவரி 1, காலை 5.30' என்று வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் போட்டோவுக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்று நினைத்துவிட வேண்டாம். தேதி கிடைக்காத இடத்தில் புரோகிராம் பூஜ்யத்தை வைத்திருக்கிறது. பூஜ்யம் என்றால் யுடிசி நள்ளிரவு. நம் ஊரில் அப்போது காலை 5.30. அதே பிழை நியூயார்க்கில் '1969 டிசம்பர் 31, மாலை 7 மணி' என்று தெரியும்.

ஆக, நேரத்தைக் கையாளும் எந்தப் புரோகிராமுக்கும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உலகம் முழுவதற்கும் பொதுவான அந்த எண்ணை வைத்திருப்பது. இன்னொன்று, பார்ப்பவரின் ஊர்க் கடிகாரத்துக்கு ஏற்ப அதை மாற்றிக் காட்டுவது. தகராறு முழுவதும் இரண்டாவது வேலையில்தான்.

ஐந்தரை மணி எப்போதும் ஐந்தரைதானா?

'மாற்றிக் காட்டுவதில் என்ன கஷ்டம்? ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் முடிந்தது' என்று நமக்குத் தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. இந்தியா முழுவதும் ஒரே நேரம். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று நாம் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. அதனால் 5.30 என்ற எண்ணைப் புரோகிராமில் நேரடியாக எழுதிவிடும் பழக்கம் நம் ஊரில் எளிதாக வந்துவிடுகிறது.

ஆனால் நம் ஊரிலேயே அது எப்போதும் 5.30-ஆக இருந்ததில்லை. சர் சி.வி. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருவானைக்காவலில். அன்று இந்திய நேரம் என்ற ஒன்றே கிடையாது. ரயில்கள் சென்னை வானாய்வகத்தை வைத்து அமைந்த மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்றின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. திருச்சி சென்னைக்கு மேற்கே இருப்பதால், சூரியனை வைத்துக் கணக்கிட்டால் நம் ஊர் நேரம் அதிலும் ஆறு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. ஏறக்குறைய 5 மணி 15 நிமிடம். அப்படியானால் 1888-ல் திருச்சியில் ஒருவர் எழுதி வைத்த மணி, ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தின் மணியா, உள்ளூர்ச் சூரியனின் மணியா? விடை தெரியாமல் அதை யுடிசிக்கு மாற்ற முடியாது.

1906 ஜனவரி 1 முதல்தான் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. அதிலும் நடுவே ஒரு மாற்றம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியாவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டன. அந்த மூன்று ஆண்டுகளில் நம் நேரம் யுடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னே.

இரண்டு லக்னம் சொன்ன கம்ப்யூட்டர்

இந்தப் போர்க்கால ஒரு மணி நேரம் இன்றும் வீடுகளில் குழப்பம் செய்கிறது. ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சதாபிஷேகத்துக்கு நாள் பார்க்கும்போது இரண்டு ஜாதகப் பிரிண்ட்அவுட்களுடன் என்னிடம் வந்தார். இரண்டும் வெவ்வேறு புரோகிராம்களில் எடுத்தவை.

"ஏம்ப்பா, ரெண்டு கம்ப்யூட்டர் ரெண்டு லக்னம் சொல்றதே, எது சரி?" என்றார்.

அவர் பிறந்தது சுபானு வருடம், அதாவது 1943, மார்கழி முதல் வாரம், காலை 7 மணி. ஒரு தாளில் விருச்சிக லக்னம், இன்னொன்றில் தனுசு லக்னம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றும் இரண்டிலும் ஒன்றுதான். நான் பார்த்தது மூலையில் பொடி எழுத்தில் இருந்த டைம் ஸோனை. ஒன்றில் 6.30, மற்றதில் 5.30.

"மாமா, உங்கள் அப்பா கையால் எழுதின குறிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

இருந்தது. பழைய கணக்கு நோட்டு ஒன்றில் 'காலை மணி 7, உதயத்துக்கு முன்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி போதுமானது. மார்கழியில் நம் ஊரில் சூரிய உதயம் இன்றைய கடிகாரப்படி ஆறரை மணி வாக்கில். 7 மணி எப்படி உதயத்துக்கு முன்னால் வரும்? போர்க்காலக் கடிகாரமாக இருந்தால்தான் வரும். அந்தக் கடிகாரத்தில் 7 மணி என்றால் இன்றைய கணக்கில் 6 மணி.

இதில் மாறியது லக்னம் மட்டும் இல்லை. பஞ்சாங்கப்படி நாள் உதயத்தில்தான் தொடங்குகிறது. 6 மணிக்குப் பிறந்தவருக்கு முந்தைய நாளின் கிழமை. 7 மணிக்குப் பிறந்தவருக்கு அன்றைய கிழமை. பிறந்த நேரத்தை ஒட்டி நட்சத்திரம் மாறுகிற நாளாக இருந்தால் ஜென்ம நட்சத்திரமே வேறாகிவிடும். சதாபிஷேகத்துக்குப் பார்த்த நாளும் தவறிவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். கணக்கு என்று ஒன்று போட்டால் அது சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

பழைய குறிப்பில் மணிக்குப் பதில் 'உதயாதி நாழிகை' கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. நாழிகை என்பது 24 நிமிடம். சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. அரசாங்கம் கடிகாரத்தைத் திருப்பினாலும் உதயம் நகராது.

5.30 என்று வந்த புரோகிராம் ஏன் அப்படிச் சொன்னது? விண்டோஸிடம் இந்திய நேரம் என்று கேட்டால் அது எல்லா ஆண்டுகளுக்கும் 5.30 என்றே பதில் சொல்லும். போர்க்கால மாற்றம் அதன் பட்டியலில் இல்லை. அதை அப்படியே நம்பும் புரோகிராம் 1943-க்கும் 5.30-ஐத்தான் எடுக்கும். உங்கள் வீட்டில் 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் இடையே பிறந்தவர்கள் இருந்தால், ஜாதகத் தாளில் டைம் ஸோன் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் இரண்டு 5.30 ஏன்?

மறுபடியும் விண்டோஸ் பட்டியலுக்கு வாருங்கள். சென்னை, கொல்கத்தா என்ற வரிக்கு அருகிலேயே இன்னொரு +05:30 இருக்கும். அதில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்று இலங்கையின் தலைநகரம் இருக்கும். இரண்டும் ஒரே நேரம்தானே, எதற்கு இரண்டு வரி?

திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத்துக்குள் விமானத்தில் போய்விடக்கூடிய ஊர். இருந்தும் பத்து ஆண்டுகள் அங்கே கடிகாரம் வேறாக இருந்தது. மின்சாரப் பற்றாக்குறையைச் சமாளிக்க இலங்கை அரசு 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6.30 ஆக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து 6.00 ஆக்கியது. 2006 ஏப்ரல் 15 அன்று, தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள், மீண்டும் 5.30-க்கே திரும்பியது.

இதில் புரோகிராம் எழுதுபவருக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 1996 மே 25 பிறந்தபோது கடிகாரம் இரவு 12 மணியிலிருந்து நேராக 1 மணிக்குத் தாவியது. ஆகவே அன்று கொழும்பில் இரவு 12.30 என்ற நேரமே கிடையாது. 2006 ஏப்ரல் 15 அன்று இரவு 12.30 ஆனதும் கடிகாரத்தைத் திரும்ப 12 மணிக்கு வைத்தார்கள். ஆகவே அன்று இரவு 12.15 இரண்டு முறை வந்தது. 'கொழும்பு, 2006 ஏப்ரல் 15, இரவு 12.15' என்று மட்டும் எழுதி வைத்தால் அது முதல் 12.15-ஆ, இரண்டாவது 12.15-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. யுடிசி எண்ணாக எழுதி வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

சிங்கப்பூரிலும் இதே கதை உண்டு. 1981-ன் கடைசி நாள் வரை அந்த ஊர் நமக்குச் சரியாக இரண்டு மணி நேரம் முன்னே இருந்தது. அன்று இரவு 11.30 ஆனதும் கடிகாரம் 12-க்குத் தாவிப் புத்தாண்டு பிறந்துவிட்டது. அன்றிலிருந்து வித்தியாசம் இரண்டரை மணி.

பட்டியலில் இரண்டு வரி இருப்பதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும். இன்று இரண்டு நாடுகளுக்கும் எண் ஒன்று. ஆனால் வரலாறு வேறு. நாளை இரண்டில் ஒரு நாடு மட்டும் மாற்றவும் செய்யலாம். டைம் ஸோன் என்பது வெறும் எண் அல்ல, ஓர் ஊரின் கடிகார வரலாறு. நீங்கள் இந்தியாவில் இருந்தால் சென்னை உள்ள வரியையே தேர்ந்தெடுங்கள்.

உலகத்துக்கே ஒரு பஞ்சாங்கம்

எந்த ஊர் எந்தத் தேதியில் கடிகாரத்தைத் திருப்பியது என்ற விவரங்களை எல்லாம் தொகுத்து வைத்திருக்கும் தகவல் தொகுப்பு ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980-களில் தொடங்கியது. பிறகு பால் எகெர்ட் என்பவர் அதன் பொறுப்பை ஏற்றார். 2011 முதல் இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் கீழ் வெளியாகிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஏதாவது ஒரு நாடு நேரத்தை மாற்றினால் இதன் புதிய பதிப்பு வெளியாகும்.

இதில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் கண்டத்தின் பெயரும் ஓர் ஊரின் பெயரும் சேர்ந்தே பெயர். நமக்கு உரியது 'ஏசியா/கொல்கத்தா'. 2008 வரை 'ஏசியா/கல்கட்டா' என்று இருந்தது. பழைய புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பெயரும் இன்றுவரை ஏற்கப்படுகிறது. திருச்சியையோ சென்னையையோ தேடினால் கிடைக்காது. 1970-க்குப் பிறகு ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும் பகுதிகளுக்கு ஒரு பெயர் என்பதே இதன் முறை. மெட்ராஸ் நேரம், போர்க்கால 6.30 இரண்டும் இந்த 'ஏசியா/கொல்கத்தா' பட்டியலுக்குள் இருக்கின்றன. பெரியவரின் ஜாதகத்தில் 6.30 என்று சரியாகக் காட்ட இது போன்ற வரலாறு தெரிந்த பட்டியல் வேண்டும்.

அமெரிக்க அழைப்பு ஒரு மணி நேரம் நகர்வது ஏன்?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே வைக்கிறார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை. சிங்கப்பூர், மலேசியா, துபாய் ஆகியவற்றில் இந்த வழக்கம் இல்லை.

நியூஜெர்சியில் இருக்கும் மகள் 'ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் கூப்பிடுகிறேன்' என்று சொன்னால், ஜனவரியில் அது நமக்கு மாலை 5.30. ஜூலையில் மாலை 4.30. அவளுடைய கடிகாரத்தில் எப்போதும் 7 மணிதான். காலண்டர் புரோகிராமில் இதைப் பதியும்போது 'மாலை 5.30, இந்திய நேரம், வாரா வாரம்' என்று பதிந்தால் மார்ச் மாதத்தில் ஒரு மணி நேரம் பிசகும். கூப்பிடுபவரின் ஊரான நியூயார்க் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து 'காலை 7 மணி' என்று பதியுங்கள். மீதிக் கணக்கைக் காலண்டர் பார்த்துக்கொள்ளும்.

மெயிலில் நேரம் சொல்லும்போது 'ஐஎஸ்டி' என்று சுருக்கமாக எழுதுவதையும் தவிர்க்கலாம். அந்த மூன்று எழுத்துகள் இந்தியாவுக்கும் பொருந்தும், இஸ்ரேலுக்கும் பொருந்தும், அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் பொருந்தும். 'இந்திய நேரம்' என்று முழுதாக எழுதினால் சந்தேகம் இல்லை.

எக்செல்லில் செய்து பாருங்கள்

திருச்சியில் ஜனவரி 10 இரவு 11.30-க்குப் புறப்பட்டு, ஜனவரி 11 காலை 6.30-க்குச் சிங்கப்பூர் சேரும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். பயணம் ஏழு மணி நேரமா? எக்செல்லைக் கேட்போம்.

ஏ2 செல்லில் புறப்படும் தேதியும் நேரமும், பி2-ல் 5.5, சி2-ல் சேரும் தேதியும் நேரமும், டி2-ல் 8 என்று டைப் செய்யுங்கள். இ2 செல்லில் இந்த ஃபார்முலாவைக் கொடுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்:

=(சி2-டி2/24)-(ஏ2-பி2/24)

எக்செல்லுக்கு ஒரு நாள் என்றால் 1. அதனால்தான் மணிக்கணக்கை 24-ஆல் வகுக்கிறோம். இரண்டு நேரங்களையும் முதலில் யுடிசிக்குக் கொண்டுபோய், பிறகு கழிக்கிறோம். கன்ட்ரோல் கீயுடன் 1-ஐ அழுத்தி, செல்லை நேர வடிவத்துக்கு மாற்றினால் விடை 4:30 என்று வரும். நான்கரை மணி நேரப் பயணம். திரும்பி வரும்போது சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குக் கிளம்பி, திருச்சியில் 9.30-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால் மயங்க வேண்டாம். அது நான்கு மணி நேரப் பயணம்.

தேதி இல்லாமல் நேரத்தை மட்டும் டைப் செய்தால் நள்ளிரவைத் தாண்டும்போது விடை மைனஸில் போய், செல் முழுவதும் ##### என்று நிரம்பிவிடும். எனவே தேதியையும் சேர்த்தே கொடுங்கள். இன்னொன்று, இந்த முறை இந்தியா, சிங்கப்பூர் போல ஆண்டு முழுவதும் ஒரே கடிகாரம் உள்ள ஊர்களுக்கு மட்டும். அமெரிக்க ஊருக்கு டி2-ல் என்ன எண் என்பது மாதத்தைப் பொறுத்தது.

புரோகிராம் கற்பவர்களுக்கு

பைத்தானோ ஜாவாவோ கற்றுக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து விதிகளைக் காட்டுங்கள்.

1. நடந்து முடிந்ததை யுடிசியில் வையுங்கள். பணம் கட்டிய நேரம், மெயில் வந்த நேரம் போன்றவை. காட்டும்போது மட்டும் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

2. வரப்போவதை ஊர் நேரமாகவும் மண்டலப் பெயராகவும் வையுங்கள். அடுத்த ஆண்டு கொழும்பில் காலை 10 மணிக்குக் கல்யாணம் என்றால், '10 மணி, ஏசியா/கொழும்பு'. இடையில் அந்த நாடு கடிகாரத்தை மாற்றினாலும் கல்யாணம் அந்த ஊர் 10 மணிக்குத்தானே நடக்கும்!

3. பிறந்த நாளை மாற்றவே மாற்றாதீர்கள். பிறந்த தேதியை நள்ளிரவு நேரமாக எடுத்துக்கொண்டு யுடிசிக்கு மாற்றும் புரோகிராம்கள் உண்டு. நம் நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தைய நாள் மாலை 6.30. விளைவு, ஜனவரி 1 பிறந்தவர் சான்றிதழில் டிசம்பர் 31 ஆகிவிடுவார். மணி தேவைப்படாத இடத்தில் வெறும் தேதியை மட்டும் வையுங்கள்.

4. வித்தியாசம் முழு மணி என்று நினைக்காதீர்கள். நமக்கு அரை மணி மிச்சம் இருக்கிறது. நேபாளத்துக்கு 5 மணி 45 நிமிடம்.

5. பட்டியலை நீங்களே தயாரிக்காதீர்கள். பைத்தான் 3.9-ல், 2020-ல், ஸோன்இன்ஃபோ என்ற பகுதி சேர்ந்தது. ஜாவா 8-ல், 2014-ல், ஜாவா டைம் வந்தது. மண்டலப் பெயரையும் நேரத்தையும் கொடுத்தால் கணக்கை இவை பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் பைத்தான் பயன்படுத்துபவர்கள் டிஇஸட்டேட்டா என்ற பேக்கேஜையும் சேர்த்து இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வரும் சந்தேகங்கள்

விண்டோஸுடன் லினக்ஸும் போட்டேன். மாறி மாறிப் பயன்படுத்தினால் மணி ஐந்தரை மணி நேரம் பிசகுகிறதே? மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் ஊர் நேரமாக எடுத்துக்கொள்கிறது; லினக்ஸ் யுடிசியாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அதை ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும்படி மாற்ற வழி உண்டு. அதைச் செய்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பென் டிரைவில் ஃபைல் நேரம் அந்த ஊர் மணியாகவே இருக்கிறதே? எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ், ஊர்க் கடிகாரத்தின் மணியை மட்டும் எழுதுகிறது; எந்த ஊர் என்று எழுதுவதில்லை. பழைய டிஜிட்டல் கேமராக்களும் அப்படித்தான். வெளியூர் போனால் கேமராவின் கடிகாரத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறது, வெப்சைட்டுகளும் திறக்கவில்லை. இது டைம் ஸோன் கோளாறு இல்லை. மதர்போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தேதிக் கெடு உண்டு. உங்கள் தேதி தவறாக இருந்தால் பிரவுசர் அவற்றை நம்ப மறுக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு ஊர் மணியையும் எப்போதும் பார்க்க முடியுமா? முடியும். தேதி, நேரம் செட்டிங்ஸ் பக்கத்திலேயே கூடுதல் கடிகாரங்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. இரண்டு கடிகாரங்கள் வரை வைக்கலாம். டாஸ்க்பார் கடிகாரத்தின் மீது மவுஸைக் கொண்டுபோனால் மூன்று ஊர் மணியும் தெரியும்.

சொர்க்கவாசல் திறக்கும்போது அங்கே மணி என்ன?

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் அதிகாலையில் சொர்க்கவாசல் திறப்பதை வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் நேரடி ஒளிபரப்பில் பார்க்கிறார்கள். நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்திய நேரம் அதிகாலை 5 மணி என்று எடுத்துக்கொண்டால், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் காலை 7.30. துபாயில் பின்னிரவு 3.30. சிட்னியில் காலை 10.30. இவை மூன்றும் அதே தேதி. லண்டனில் இரவு 11.30, நியூஜெர்சியில் மாலை 6.30, கலிபோர்னியாவில் பிற்பகல் 3.30. இவை மூன்றும் முந்தைய நாள்.

மணியைச் சரியாக மாற்றிவிட்டுத் தேதியை மறந்தவர்கள், அமெரிக்காவில் ஒரு நாள் கழித்து டிவி முன் உட்கார்ந்திருப்பார்கள். எனவே உறவினர்களுக்குச் செய்தி அனுப்பும்போது கிழமை, தேதி, மணி, 'இந்திய நேரம்' என்ற சொல் ஆகிய நான்கையும் எழுதுங்கள். முடிந்தால் அவர்கள் ஊர் தேதியையும் மணியையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டைம் ஸோன் பட்டியலில் சென்னை உள்ள வரி இருக்கிறதா? நேரத்தைத் தானாக அமைக்கும் பட்டன் ஆன் ஆகியிருக்கிறதா? இரண்டும் சரி என்றால் கூடுதல் கடிகாரமாக உங்கள் பிள்ளைகள் இருக்கும் ஊரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை போன் செய்வதற்கு முன், அங்கே தூங்கும் நேரமா என்று விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.